பட்டன் மாறிய சட்டை

டெய்லரம்மாவின் தையலில் குறை சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. குறை இல்லை என்பதால் அல்ல, சொன்னவருக்குப் பதில் கிடைக்கும் என்பதால். "தொளதொளன்னு இருக்கே" என்று யாராவது இழுத்தால், "அளவு கொடுத்த அன்னிக்கு ஆளா இருந்தீங்க, இப்ப பாதி கரைஞ்சு போயிட்டீங்க, அதுக்கு நான் என்ன பண்ண?" என்பார். இறுக்கிப் பிடிக்கிறது என்றால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார். இத்தனைக்கும் அவரிடம்தான் எல்லோரும் தைத்தார்கள். சட்டை கிழிந்தாலும் அவர் தைத்த காலர் மடங்காது.

பழைய பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தெரு. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கால் மிஷின், ஒரு மோட்டார் மிஷின். இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் துணி தேய்க்கும்போதெல்லாம் டெய்லரம்மா காலால் மிதிப்பார். ஆளுயரக் கண்ணாடியின் வலப்பாதியில் ரசம் போய்விட்டதால், சட்டை போட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இடது பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள்.

அவருடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். நகக்கண் வரை மை. கடையில் வெள்ளைத் துணி இருக்கும் நாட்களில் அவருக்கு முன்னறையில் அனுமதி இல்லை. பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்து, கைகழுவி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பிறகுதான் சோறு. அவரும் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். டெய்லரம்மாவுக்குச் சறுக்கியது ஒரே ஒரு சட்டையில். அந்த வாரம் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிற மொத்த வேலை வந்திருந்தது. பெண்கள் உடுப்பில் பட்டன் இடப்பக்கம் இருக்கும், அதை மாட்டும் துளை வலப்பக்கம். ஆண்கள் சட்டையில் அப்படியே எதிர். நாள் முழுக்கக் கோட்டாகத் தைத்த கைக்கு இது மறந்துவிட்டது. நடுவில் பூகோள சாரின் சட்டையை எடுத்தார். நீலத்தில் கட்டம் போட்ட துணி. புத்தி சட்டையில் இருந்தது, கை கோட்டிலேயே இருந்தது. துளை வெட்டி, பட்டன் வைத்து, தேய்த்து மடித்தும் வைத்துவிட்டார்.

பூகோள சார் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லியான, எதற்கும் அவசரப்படாத மனிதர். சாயங்காலம் வந்து, திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்ன சார், உள்ளே தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. பட்டன் போட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்கு என்னமோ வர மாட்டேங்குது."

வெளியே வந்தபோது டெய்லரம்மாவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோனது. "கழட்டுங்க சார். வேற துணி நான் வாங்கித் தைச்சுத் தரேன். தயவுசெஞ்சு வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சார் கண்ணாடியின் இடது பக்கம் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டார். "கிழக்கும் மேற்கும் மாறிடுச்சு, அவ்வளவுதானே? சூரியன் உதிக்காமலா போயிடும்? இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு."

கழற்றித் தரமாட்டேன் என்று போட்டுக்கொண்டே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது இதைக் கேட்டு வீட்டுக்காரருக்குப் புரையேறியது. "வெளியில ஒரு வார்த்தை போச்சு, அப்புறம் உங்க சட்டையை நீங்களே தைச்சுக்குங்க" என்று டெய்லரம்மா எச்சரித்து வைத்தார். ஆக அந்தத் தப்பைத் தெரிந்தவர்கள் டெய்லரம்மா, அவர் வீட்டுக்காரர், சார், சாரின் மனைவி என்று நாலே பேர். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அந்தக் காலத்தில் ஊரில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேசியவர், சங்கம் வைத்தவர், கேள்வி கேட்டவர் என்று ஒவ்வொருவராக. பூகோள சார் அவர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். நீங்கள் பிடித்துக்கொண்டு போனவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. அதை அச்சடித்தது டெய்லரம்மாவின் வீட்டுக்காரர்.

அவருக்கு அச்சடிப்பதைப் படிக்கும் பழக்கம் கிடையாது. மருந்து டப்பா லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அவருக்கு ஒன்றுதான். மை சரியாகப் பிடித்திருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா, அவ்வளவுதான். சிவனே என்று வேலையைப் பார்த்த மனுஷனை மிஷினை நிறுத்தக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை நடந்தது. வேறு வார்த்தை இல்லாததால் விசாரணை என்றே சொல்லிவைப்போம். வழக்கு என்னவென்று அவருடைய வக்கீலம்மாவுக்கே அன்று காலையில்தான் தெரிந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் சாட்சி சொன்னார்கள். முதல் சாட்சி, தான் அவரைத் துரத்தி ஓடியபோது தன் தொப்பி சாக்கடையில் விழுந்துவிட்டது என்றார். இரண்டாவது சாட்சியும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார், தொப்பி உட்பட. இரண்டு தொப்பியும் ஒரே சாக்கடையில் விழுந்த அதிசயத்தைப் பற்றி நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை. "என்னைத் தூங்க விடாம நிக்க வச்சு, உதைச்சு, கையெழுத்து வாங்கினாங்க ஐயா" என்று வீட்டுக்காரர் சொன்னபோது நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவைத் திறந்து இரண்டு வருஷம் என்று எழுதினார்.

அதே வாரத்தில் பூகோள சாரையும் காணோம். பஸ் நிறுத்தத்தில் நின்றவரை ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். குடை மட்டும் அங்கே கிடந்தது. சாரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், டெய்லரம்மா அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவள் ஏறாத ஸ்டேஷன் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அப்படி ஒரு ஆளை நாங்க பிடிக்கவே இல்லம்மா. வேற எங்கேயாவது ஓடிப்போயிருப்பார், வீட்ல ஏதாவது சண்டையா?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

டெய்லரம்மாவுக்குத் தன் ஆள் எங்கே இருக்கிறார் என்றாவது தெரியும். அதற்கே அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கு என்று தெரியாமல். ஜெயிலில் கைதிகளின் அழுக்குத் துணியை அவரவர் வீட்டார்தான் வாங்கிப் போய்த் துவைத்துக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டு கேட்டில் ஒரு சின்ன ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை துவைத்த பையை நீட்டினால் அழுக்குப் பை வெளியே வரும். வார்டர் துணிகளை எண்ணி, உதறி, முகர்ந்தும் பார்த்துத்தான் தருவார். உள்ளே போகிற ஒவ்வொரு துணியிலும் காலரின் உள்பக்கம் கைதியின் எண்ணை நூலால் தைத்திருக்க வேண்டும் என்று விதி. மற்றவர்கள் கோழி கிறுக்கின மாதிரி எதையோ தைத்துக் கொடுப்பார்கள். டெய்லரம்மா சிவப்பு நூலில், அச்செழுத்து மாதிரி தைத்திருந்தார். "பார்த்தா பரிசு கொடுத்த சட்டை மாதிரி இருக்கு" என்று வார்டரே ஒருமுறை சொன்னார். அதற்கு இவர் சிரிக்கவில்லை.

கடிதம் எழுதினால் படித்துவிட்டுக் கறுப்படிப்பார்கள். துணிக்குக் கறுப்படிக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பையைக் கொட்டியதும் டெய்லரம்மா முதலில் துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தோள்பட்டை கிழிந்திருந்தால் யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். முட்டியில் மண் என்றால் முட்டி போட வைத்திருக்கிறார்கள். முதல் மாதங்களில் காலரில் ரத்தத் துளிகள் இருந்தன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, மிஷினில் உட்கார்ந்து துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருப்பார். பிறகு அவை குறைந்தன. சாப்பாட்டு வாளி தூக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பருப்புக் கறையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் கொட்டினால், அதில் வேறு யாருடைய சட்டையோ இருந்தது. காலரில் எண் இல்லை. நைந்து, வெளுத்து, என்ன நிறமென்றே சொல்ல முடியாத சட்டை. வலது கையின் மணிக்கட்டுப் பட்டி கிழிந்து தொங்கியது. அதில் காய்ந்துபோன பழுப்புக் கறை.

டெய்லரம்மாவுக்கு வந்ததே கோபம். "நான் கண்ணு நோகத் தைச்சுக் குடுத்த நல்ல சட்டையை எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு, இந்தக் கந்தலை வாங்கி அனுப்பியிருக்காரே! தன் சட்டை எது, ஊரான் சட்டை எதுன்னு தெரியாத மனுஷன்!" என்று சுவருக்குக் கேட்கும்படி திட்டினார். திட்டினாலும் துவைக்காமல் விட மனம் வரவில்லை. எவன் பெற்ற பிள்ளையோ. வியர்வை வாடை குடலைப் பிடுங்கியது. சோப்புப் போட்டு, கறையைத் தேய்த்து, காயப்போட்டு, சாயங்காலம் இஸ்திரியும் போட்டார். மடிப்பதற்கு முன்னால் பட்டனைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். வலது கையால் துளைப்பக்கத்தைப் பிடித்து இடது கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனார்.

பட்டன் அங்கே இல்லை. எதிர்ப்பக்கம் இருந்தது.

கை அப்படியே நின்றது. சட்டையின் ஓரத்தைப் புரட்டி உள்மடிப்பைப் பார்த்தார். வெயில் படாத அந்த இடத்தில் துணி இன்னும் நீலமாகவே இருந்தது. கட்டம் கட்டமான நீலம். டெய்லரம்மா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

வீட்டுக்காரருக்குச் சட்டை மாறவில்லை. வாளி தூக்கிப் போன இடத்தில் சாரைப் பார்த்து, அவர் மாற்றி அனுப்பியிருக்கிறார். எண்ணிக்கை குறையக்கூடாது என்பதற்காகத் தன் சட்டையைச் சாருக்குக் கொடுத்துவிட்டு, அவர் சட்டையைப் பையில் வைத்திருக்கிறார். உலகத்தில் இந்தச் சட்டையை அடையாளம் கண்டுபிடிக்கக்கூடிய கைக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கையோ, வந்த சாட்சியைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டது.

மருந்துக்கடையில் அப்போது கூட்டம் இல்லை. தங்கச்சி ஏணி மேல் நின்று மேல்தட்டில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா சட்டையைக் கண்ணாடி மேஜைமேல் விரித்தார். அவள் ஏணியில் நின்றபடியே பட்டன் பக்கத்தைப் பார்த்தாள். இறங்கி வந்தாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"எங்கே இருந்து அக்கா?"

"ஜெயில்ல இருந்து. இன்னிக்கு. அவர் பையில வந்துச்சு."

"துவைச்சுட்டீங்களா?"

"துவைச்சுட்டேன்டி, பாவி. தெரியாமத் துவைச்சுட்டேன். கறை இருந்துச்சு..."

"கறையை விடுங்க அக்கா." அவள் டெய்லரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வாடை எப்படி இருந்துச்சு? பழைய வாடையா, புது வாடையா? வேர்வை இருந்துச்சா?"

"இருந்துச்சே. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் துவைச்சேன். ஈரம்கூடக் காயலை."

தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்ப இருக்கார் அக்கா. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் வேர்க்கும்." கடைக்கு வந்த ஆள் தலைவலி மாத்திரை கேட்டு நின்றுகொண்டிருந்தான். இரண்டு பெண்கள் ஒரு கந்தல் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுது சிரிப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வேறு கடைக்குப் போனான்.

வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், இதுவரை சாட்சியே இல்லை, இப்போது இருக்கிறது என்றார். பிறகு டெய்லரம்மாவைப் பார்த்து, "ஆனா சட்டை எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்லியாகணும். சொன்னா, உள்ளே உங்க வீட்டுக்காரரைச் சும்மா விட மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க டெய்லரம்மா இதையே நினைத்து மிதித்துக்கொண்டிருந்தார். சொன்னால் தன் ஆளை அடிப்பார்கள். சொல்லாவிட்டால் தங்கச்சியின் ஆள் இருந்த இடம் தெரியாமலே போய்விடுவார். இல்லாத ஆளைக் கொன்றால் கொலைக்கேஸ் ஏது?

மாதச் சந்திப்பு வந்தது. இரட்டைக் கம்பி வலை. அந்தப் பக்கம் வீட்டுக்காரர், நடுவில் நாற்காலி போட்டு வார்டர். பேசுவதெல்லாம் அவர் காதில் விழும்.

"சட்டை வந்துச்சு" என்றார் டெய்லரம்மா.

"நல்லாத் துவைச்சியா?"

"துவைச்சேன். நான் தைச்ச சட்டையாச்சே." அவர் கம்பிக்கு நெருங்கி வந்தார். "எப்படித் தைச்சேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடுமேன்னு பார்க்கிறேன். உங்களுக்கும் கெட்ட பேராகும். சொல்லவா, வேண்டாமா?"

வீட்டுக்காரர் கம்பியில் விரலை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். விரலில் மை இல்லாமல் வெளுத்திருந்தது. பிறகு சிரித்தார். "தப்பாத் தைச்சா தப்புன்னு ஒத்துக்கணும்மா. ஊருக்கே சொல்லு. என்னைப் பத்திக் கவலைப்படாதே, நான் சமாளிச்சுக்கிறேன்."

வார்டரும் சிரித்தார். "பொம்பளை தப்பை ஒத்துக்கிறதா? நடக்கிற காரியமா?" என்றார். நடந்தது.

மனு விசாரணைக்கு வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. காணாமல் போனவர்களின் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். அரசாங்க வக்கீல் எழுந்து, அப்படி ஒரு ஆள் எந்தச் சிறையிலும் இல்லை என்றார். டெய்லரம்மாவைக் கூண்டில் ஏற்றிச் சட்டையைக் காட்டினார்கள். இதை நான்தான் தைத்தேன், பட்டனைத் தப்பாக வைத்துவிட்டேன், அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று ஊரறியச் சொன்னார். பெஞ்சில் இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்காமல் இல்லை.

அரசாங்க வக்கீல் குரலில் தேன் வடிந்தது. "உங்க தொழில் திறமை ஊருக்கே தெரியும். உங்களை மாதிரி ஒருத்தர் இப்படி ஒரு தப்பைப் பண்ணவே முடியாது. இது பொம்பளைங்க சட்டை, அவ்வளவுதானே?"

வாழ்நாளில் தன் தையலை இப்படி யாரும் பாராட்டி டெய்லரம்மா கேட்டதில்லை. அதையும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலைமை. "நான் பண்ணினதுதான் ஐயா. தப்பேதான். பொம்பளைச் சட்டைன்னு நீங்க சொன்னா, அது ஆம்பளை ஜெயில்ல இருந்து எப்படி வந்துச்சுன்னும் நீங்களே சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. ஒரு சட்டை ஆளாகிவிடாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் பை வாங்க மாட்டோம் என்றார்கள். வீட்டுக்காரரைத் தனி அறையில் போட்டிருக்கிறது, துணியும் கிடையாது, சந்திப்பும் கிடையாது. டெய்லரம்மா துவைத்த பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். துணி இருந்தவரை கிழிசலையாவது பார்த்தார். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. கடையைத் திறந்தார், மிதித்தார், யார் சட்டை என்று பார்க்காமல் தைத்தார். அந்த நாட்களில் குறை சொன்னவர்களுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் தெரு பயந்தது.

பிறகு ஒரு காலை வக்கீலம்மா ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார். "வாங்க, கோர்ட்டுக்குப் போகலாம். வாத்தியாரைக் கொண்டுவராங்களாம்!"

மண்டபம் நிறைய ஆட்கள் கேட்ட செய்தியை மூட உலைமூடி ஏது? பத்திரிகையிலும் இரண்டு வரி வந்துவிட்டது. இனி மறைத்து வைப்பது ஆபத்து என்று மேலே யாருக்கோ பட்டிருக்க வேண்டும். பூகோள சாரைப் 'பிடித்துவிட்டார்கள்'. தலைமறைவாக இருந்தவரை நேற்றுத்தான் பஸ் நிலையத்தில் வளைத்தார்களாம். அரசாங்கத்துக்கு எதிராகச் சதி என்று வழக்கு. பெரிய வழக்குதான். ஆனால் தங்கச்சி கோர்ட்டு வாசலில் நின்று, "வழக்கு போட்டுட்டாங்க அக்கா! வழக்கு போட்டுட்டாங்க!" என்று பிள்ளை பாஸான தாய் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். டெய்லரம்மாவுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வழக்கு உள்ள ஆளைச் சுலபத்தில் காணாமல் போக்க முடியாது.

சின்னக் கோர்ட்டு. மின்விசிறி ஒன்று, பெஞ்சுகள் நாலு. மாஜிஸ்திரேட் ஒழுங்கு, மரியாதை என்று பிடிவாதம் பிடிக்கிற வயதானவர். செருப்புச் சத்தம் கேட்டால்கூடத் தலைநிமிர்ந்து முறைப்பார். சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆளாக இருந்தார். ஆனால் இருந்தார். தங்கச்சி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாரின் சட்டை பெரிதாக, பட்டன் போடாமல் திறந்து கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது.

மாஜிஸ்திரேட்டுக்கு முகம் கடுத்தது. "இது கோர்ட்டா, குளியலறையா? பட்டனைப் போடுங்க."

சார் போட்டுப் பார்த்தார். வலது கைவிரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று சேராமல் நின்றன. பட்டன் பிடிபடவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும் நழுவியது. கோர்ட்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட்டும் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "யாராவது போட்டு விடுங்க."

சட்டை என்றால் டெய்லரம்மாவின் கை தானாகப் போகும். யாரையும் கேட்காமல் எழுந்து போய்க் கூண்டருகில் நின்றார். கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். மேல் பட்டனைப் போட்டுவிட்டு, கடையில் யாருக்கும் செய்வது போலக் காலரை உயர்த்தி நேராக்கினார். உள்பக்கம் சிவப்பு நூல் தெரிந்தது. அச்செழுத்து மாதிரி.

"ஐயா" என்றார் டெய்லரம்மா. சத்தமாகத்தான் வந்தது. "இது என் வீட்டுக்காரர் சட்டை."

அரசாங்கத் தரப்பில் யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. "ஜெயில் நம்பர் தைச்சிருக்கு பாருங்க. நான்தான் தைச்சேன். உங்க விதிப்படி தைச்சேன். என் வீட்டுக்காரர் ஜெயிலை விட்டு ஒரு அடி வெளியே வரலை. நேத்து பஸ் ஸ்டாண்டுல பிடிச்ச ஆள் மேல, உள்ளே இருக்கிறவர் சட்டை எப்படி ஐயா வந்துச்சு?"

மாஜிஸ்திரேட் கூண்டுக்கு வந்து தானே காலரைப் புரட்டிப் பார்த்தார். நூலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், போலீஸ் அதிகாரியைப் பார்த்தார். முதல் தடவையாக ஒரு நீதிபதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதை டெய்லரம்மா பார்த்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர்கள் மாற்றுச் சட்டை கொடுக்காத கஞ்சத்தனத்தால் கெட்டார்கள்.

அதற்காக மறுநாளே நியாயம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. டாக்டர் பரிசோதனைக்கு உத்தரவாயிற்று. விரல்கள் ஒடிந்து, தப்பாகக் கூடியிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். சாருக்கு ஜாமீன் கிடைக்க மழைக்காலம் போய்க் கோடை வந்தது. வழக்கு இன்னமும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரரைத் தனி அறையிலிருந்து விட்டார்கள். மேல்முறையீட்டில், அந்த இரண்டு தொப்பி விவகாரத்தை யாரோ கடைசியில் கவனித்து, தண்டனையைக் குறைத்து வெளியே அனுப்பினார்கள். காணாமல் போன மற்றவர்களின் வீட்டார் இன்றும் அந்த ஜன்னலில் நிற்கிறார்கள். டெய்லரம்மா சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு போய் நிற்பார்.

வீட்டுக்காரர் வந்த அன்று கடையில் வெள்ளைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. அவர் பழக்கத்தில் பின்வாசலுக்குப் போனார். "முன்னாடியே வாங்க" என்றார் டெய்லரம்மா. அவர் கையைத் திருப்பிக் காட்டப் போனார். காட்ட விடாமல் டெய்லரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூகோள சார் ஒரு சாயங்காலம் மனைவியோடு வந்தார். கையில் துணி இருந்தது, நீலக் கட்டம். வீட்டுக்காரர் முன்னறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டெய்லரம்மா இஞ்ச் டேப்பை எடுத்துத் தோள் அளந்தார். எலும்பு குத்தியது. "ரெண்டு மாசம் நல்லாச் சாப்பிடுங்க, அதுக்கும் சேர்த்துத்தான் தைக்கிறேன்" என்றார். "இந்த வாட்டி பட்டன் சரியா இருக்கும் சார். சத்தியம்."

"வேண்டாம்மா. போன வாட்டி மாதிரியே வையுங்க."

"கேலி பண்ணாதீங்க சார்."

"கேலி இல்லம்மா." சார் வலது கையை உயர்த்தினார். விரல்கள் பாதிதான் மடங்கின. "இது போன பிறகு எல்லாத்துக்கும் இடது கைதான். உங்க சட்டையில பட்டன் இடது கைக்கு வாகா இருக்கும். அங்கே சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒருத்தர் பிடிச்சுக்கணும். ஆனா சட்டையை மட்டும் காலையில எழுந்து நானே போட்டுக்குவேன். ஒரு மனுஷனா இருக்கேன்னு அப்பத்தான் தோணும்." கையை இறக்கினார். "அதைக் கழட்டி இவர்கிட்டக் கொடுக்கத்தான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் இவர் சட்டைக்குத் தினமும் வாளி கொண்டுவரும்போது இவர்தான் பட்டன் போட்டு விட்டார். இவரைத் தனி அறையில போட்ட பிறகு போட ஆள் இல்லை."

டெய்லரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் இதை வீட்டில் சொல்லவே இல்லை. இப்போதும் கண்ணாடியில் ரசம் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு நாளாவது ஊசியில நூல் கோத்துக் கொடுத்திருப்பாரா?" என்றார் டெய்லரம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மேஜைமேல் துணியை விரித்து, சாக்கட்டியை எடுத்துப் பட்டன் வருகிற இடத்தில் கோடு போட்டார். பழக்கத்தில் கை வலப்பக்கமே போயிருந்தது. கோட்டை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, இடப்பக்கம் போட்டார்.